ஏ.என்.ஏ. பாசிட்டிவ். சரி, அப்புறம்?

இரவு பத்து மணிக்கு மேல் என் போனுக்கு வரும் பி.டி.எஃப்.களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான், ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவு. ஏ.என்.ஏ. பாசிட்டிவ். பக்கத்தில் ஒரு எண், அது சிவப்பு எழுத்தில். கூடவே ஒரு குரல் செய்தி: "அக்கா, கூகுள்ல போட்டுப் பார்த்தேன், லூபஸ்னு வருது. பயமா இருக்கு." அனுப்புகிறவர்கள் சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவளின் நாத்தனார். நான் டாக்டர் இல்லை. திருச்சியில் ஒரு தனியார் லேப்பில் இம்யூனாலஜி பிரிவில் வேலை பார்க்கும் டெக்னீஷியன். அந்தத் தாளில் இருக்கும் எண்ணைப் போடுகிறவள் நான், அல்லது என்னைப் போல இன்னொருத்தி. அதனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்று ஒரு முறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

லூபஸ் என்றால் என்ன என்று நீட்டி முழக்கப் போவதில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள், நம் சொந்தச் செல்லின் உட்கருவில் இருக்கும் பொருட்களையே எதிர்க்க ஆரம்பித்துவிடும் நோய். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 45 வயதுக்குள். விடாத காய்ச்சல், மூட்டு வலி, வெயில் பட்டதும் கன்னம் சிவப்பது, கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது, மேலண்ணத்தில் வலிக்காத புண், முகமும் காலும் வீங்குவது என்று ஆளுக்கு ஒரு விதமாக ஆரம்பிக்கும். இதில் எதை எடுத்தாலும் நம் ஊரில் அதற்கு வேறு பத்துக் காரணம் கைவசம் இருக்கும். காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு. இளைத்தால் டி.பி. முடி கொட்டினால் போர் தண்ணீர். அதனால் சந்தேகம் வருவதற்கே மாதங்கள் ஓடிவிடுகின்றன. சந்தேகம் வந்தபின் டாக்டர் எழுதும் முதல் பரிசோதனைதான் ஏ.என்.ஏ. உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் சுற்றுகிறதா என்று பார்ப்பது.

இதற்கு வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. ஒரு சிறு குழாய் ரத்தம் போதும். உறையவிட்டுச் சுற்றினால் மேலே மஞ்சளாகத் தெளியும் சீரத்தை எடுத்து, பஃபர் கரைசலில் 80 பங்காக (சில லேப்களில் 100 பங்காக) நீர்க்க வைப்போம். ஸ்லைடில் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் மனிதச் செல்களை வளர்த்துப் பதித்திருப்பார்கள். அதன்மேல் ஒரு சொட்டு சீரம், ஈரம் காயாத பெட்டிக்குள் அரை மணி நேரம். அந்தச் சீரத்தில் உட்கருவைப் பிடிக்கிற ஆன்டிபாடி இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். இல்லாததெல்லாம் கழுவும்போது போய்விடும். அப்புறம், மனித ஆன்டிபாடியைத் தேடிப் பிடிக்கிற இன்னொரு ஆன்டிபாடி. அதன் வாலில் ஒளிரும் சாயம் கட்டியிருக்கும். மறுபடி அரை மணி நேரம், மறுபடி கழுவல், மேலே மூடு கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் நிச்சயம் ஒளிரும் என்று தெரிந்த சீரம் ஒன்றும், நிச்சயம் ஒளிராது என்று தெரிந்த சீரம் ஒன்றும் நோயாளிகளின் சீரத்தோடு சேர்ந்து போகும். அந்த இரண்டும் சரியாக வராவிட்டால் அன்றைய ஸ்லைடு முழுக்கக் குப்பை.

பிறகு இருட்டறை. உள்ளே போனதும் கண் பழகக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். மைக்ரோஸ்கோப்பின் நீல ஒளி பட்டால் ஆன்டிபாடி ஒட்டிய இடமெல்லாம் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சையை ஆப்பிள் பச்சை என்று பாடப் புத்தகம் சொல்லும். ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஒளி பட்டே சாயம் மங்கிவிடும். உட்கரு முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் ஹோமோஜீனியஸ். பொடிப் பொடிப் புள்ளியாக ஒளிர்ந்தால் ஸ்பெக்கிள்ட். எண்ணிவிடலாம் போலத் தனித்தனிப் புள்ளியாக இருந்தால் சென்ட்ரோமியர், அது பெரும்பாலும் தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா வகை நோய்க்காரர்களிடம் வருவது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர் அடிக்கடி சொல்வார்: "தூங்குற செல்லப் பாக்காதம்மா, பிரியுற செல்லத் தேடு." இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் குரோமோசோம்கள் நடுவே ஒரு பட்டையாக வரிசை கட்டி நிற்கும். ஹோமோஜீனியஸில் அந்தப் பட்டை ஒளிரும். சாதாரண ஸ்பெக்கிள்டில் அந்தப் பட்டை இருட்டாகக் கிடக்கும். மற்ற செல்களைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இந்த ஒரு செல்தான் தீர்ப்பு.

அந்தச் செல்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஹெப்-2 என்பது அதன் பெயர். 1950களில் குரல்வளைப் புற்றுநோய் ஒன்றிலிருந்து வளர்த்தெடுத்தது என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். பின்னால் பார்த்தால் அது ஹீலா செல். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951இல் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துபோன ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து, அவரைக் கேட்காமல் எடுத்த செல். சாகாமல் பெருகிக்கொண்டே இருந்த அந்தச் செல்கள் எத்தனையோ ஆய்வகங்களில் மற்ற செல்களோடு கலந்து, அவற்றை அமுக்கிவிட்டுத் தாங்களே நிறைந்துவிட்டன. ஹெப்-2வும் அப்படித்தான். ஆக, இன்று உலகத்தில் எந்த ஊரில் இந்த முறையில் ஏ.என்.ஏ. பார்த்தாலும் அநேகமாக அந்த அம்மாவின் செல்லின் மேல்தான் சீரத்தைச் சொட்டுகிறோம். நான் படித்த பாடத்தில் இது இல்லை. வேலைக்கு வந்தபின் தற்செயலாகத் தெரிந்துகொண்டதுதான்.

சரி, எண்ணுக்கு வருவோம். 1:80, 1:160, 1:320 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் நோயின் அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். புளித்த மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எந்தச் சொம்பில் புளிப்பு தெரியாமல் போகிறது என்று பார்ப்பதுதான் இது. 80 பங்கு நீர்க்க வைத்தும் ஒளிர்கிறதா, 160 ஆக்கினாலும் ஒளிர்கிறதா, 320இலுமா? கடைசியாக எதில் ஒளிர்ந்ததோ அதுதான் தாளில் வரும். அந்தக் "கடைசியாக ஒளிர்ந்தது" என்பதைச் சொல்வது ஒரு ஆளின் கண். நான் 320 என்று சொன்ன ஸ்லைடைப் பக்கத்து ஆள் 160 என்று சொல்லலாம், இரண்டும் தப்பில்லை. ஒரு படி ஏற இறங்க இருப்பதை இந்தத் துறையில் யாரும் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்வதில்லை. இப்போது ஸ்லைடைப் படிக்கும் மெஷின் சில பெரிய லேப்களில் வந்துவிட்டது. அங்கேயும் கடைசியில் ஒரு ஆள் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். சில இடங்களில் ஸ்லைடே கிடையாது, எலைசா என்று நிறம் மாறுவதை மெஷினில் அளக்கும் முறையில் ஒரு எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அந்த எண்ணும் இந்த எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. லூபஸ் சந்தேகம் என்றால் ஸ்லைடு முறைதான் அளவுகோல் என்பது அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பின் நிலை. தாளில் முறை என்ற வரியில் ஐ.எஃப். அல்லது இம்யூனோஃப்ளூரசன்ஸ் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி, ராத்திரி பி.டி.எஃப். அனுப்புகிறவர்களுக்கான பத்தி. 1997இல் டான் என்ற ஆராய்ச்சியாளர் தலைமையில், பல நாடுகளின் 15 ஆய்வகங்கள் சேர்ந்து ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தன. எந்த நோயும் இல்லாத அவர்களில் 1:40 அளவில் 31.7 சதவீதம் பேர் பாசிட்டிவ். 1:80இல் 13.3 சதவீதம். 1:160இல் 5 சதவீதம். 1:320இல்கூட 3.3 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேரில் 50 பேருக்கு லூபஸ் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் 1:80இல் ஏ.என்.ஏ. எடுத்தால் அந்த 50 பேரில் அநேகமாக எல்லோரும் பாசிட்டிவ். கூடவே எந்தப் பிரச்சினையும் இல்லாத ஏறத்தாழ 13,000 பேரும் பாசிட்டிவ். கையில் இருக்கும் தாளை மட்டும் வைத்து அந்த 50 யார், அந்த 13,000 யார் என்று எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. பிரிப்பது ஆளின் உடம்பு. மூட்டு வீங்கியிருக்கிறதா, தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்பதுதான் பிரிக்கும்.

அதனால்தான் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்குப் போடும் பேக்கேஜில் இதைச் சேர்ப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு மாமா, பண்டிகைச் சலுகை என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகும் ஏதோ ஒரு கம்பெனியில் எண்பதோ தொண்ணூறோ பரிசோதனை போட்டுக்கொண்டார். சர்க்கரை நன்றாக இருந்தது, கொழுப்பு நன்றாக இருந்தது, ஏ.என்.ஏ. மட்டும் சிவப்பில். காலையில் வாக்கிங் போகும் வழியில் கேட்டார்:

"ஏம்மா, இது கேன்சரா?"

"இல்ல மாமா."

"அப்ப எய்ட்ஸா?"

"ஐயோ மாமா. உங்களுக்கு மூட்டு வீக்கம், காய்ச்சல், தோல்ல தடிப்பு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லியே. நல்லாத்தான் இருந்தேன், இந்தப் பேப்பர் வர்ற வரைக்கும்."

வயது ஏற ஏற இந்தப் பாசிட்டிவ் கூடும். தைராய்டு கோளாறு இருந்தால் வரும். கல்லீரல் அழற்சியில் வரும், டி.பி.யில் வரும், தொழுநோயில் வரும், மலேரியாவில்கூட வரும். டி.பி.க்குக் கொடுக்கும் ஐசோநையசிட் மாத்திரை, பிரஷருக்கான ஹைட்ராலசின் போன்றவற்றாலும் வரும். அதில் சிலருக்கு மருந்தாலேயே லூபஸ் போன்ற தொந்தரவு வந்து, மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். வீட்டில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் ஆரோக்கியமான அக்கா தங்கைக்கும் பாசிட்டிவ் வரலாம். டி.எஃப்.எஸ். என்று ஒரு வகை ஒளிர்வு இருக்கிறது, ரொம்ப நெருக்கமான நுண்புள்ளிகள். அது மட்டும் தனியாக வந்தால் லூபஸாக இருக்கும் வாய்ப்பு குறைவு. தாளில் அந்தச் சொல்லைப் பார்த்தால் பாதிப் பயத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து லூபஸை வகைப்படுத்த ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தன. ஆராய்ச்சிக்காகச் செய்ததுதான் என்றாலும் டாக்டர்கள் மனதில் வைத்துக்கொள்கிற கணக்கும் ஏறக்குறைய அதுதான். அதில் 1:80 ஏ.என்.ஏ. வெறும் நுழைவாயில். ஒரு முறையாவது அது பாசிட்டிவாக இருந்திருந்தால்தான் மேற்கொண்டு எண்ணவே ஆரம்பிப்பார்கள், ஆனால் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். மூட்டழற்சிக்கு 6. காய்ச்சலுக்கு 2. ஒரு நாளில் அரை கிராமுக்கு மேல் சிறுநீரில் புரதம் போனால் 4. சிறுநீரகத் திசு எடுத்துப் பார்த்து மூன்றாம் நான்காம் வகை பாதிப்பு என்றால் அதற்கே 10. ஆன்டிபாடிகளில் டி.எஸ்.டி.என்.ஏ. அல்லது எஸ்.எம். (இவை என்ன என்று பின்னால் சொல்கிறேன்) இருந்தால் 6. எதிர்ப்பு சக்திக்குத் துணைபோகும் சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்கள் இரண்டும் குறைந்திருந்தால் 4. மொத்தம் 10 வந்தால் லூபஸ். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஆன்டிபாடிக்கு 6, காம்ப்ளிமென்டுக்கு 4, ஆக ரத்தப் பரிசோதனையிலேயே 10 எடுத்துவிட்டாலும் போதாது. உடம்பில் தெரியும் அறிகுறி ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். லேப்பில் உட்கார்ந்திருக்கிற எங்களால் மட்டும் யாருக்கும் லூபஸ் என்று பட்டம் கட்ட முடியாது.

இதற்கெல்லாம் முன்னால், 1948இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஹார்க்ரேவ்ஸ், ரிச்மண்ட், மார்ட்டன் என்ற மூவர் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு விசித்திரமான வெள்ளணுவைப் பார்த்தார்கள். இன்னொரு செல்லின் உட்கருவை முழுசாக விழுங்கி, வயிறு உப்பி, தன் சொந்த உட்கரு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளணு. எல்.இ. செல் என்று பெயர் வைத்தார்கள். லூபஸுக்கு ரத்தத்தில் ஒரு தடயம் உண்டு என்று தெரிந்தது அப்போதுதான். ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியில் கட்டும் வித்தையை ஆல்பர்ட் கூன்ஸ் 1940களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அதை லூபஸ் நோயாளிகளின் சீரத்துக்குப் பயன்படுத்தியது 1957இல் ஃப்ரியோ. அதன்பின் எல்.இ. செல் மெல்ல ஓரங்கட்டப்பட்டு, 1997இல் நோய் வரையறைப் பட்டியலிலிருந்தே போய்விட்டது. எங்கள் தலைமுறை டெக்னீஷியன்கள் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

ஏ.என்.ஏ. ஒளிர்ந்து, டாக்டருக்கும் சந்தேகம் இருந்தால், எதை எதிர்த்து அந்த ஆன்டிபாடி என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த கட்டம். இங்கேதான் பரிசோதனை உண்மையில் பேச ஆரம்பிக்கிறது.

எஸ்.எம். ஆன்டிபாடியை 1966இல் கண்டுபிடித்தவர்கள் டானும் குங்கலும். அந்தச் சீரத்தைக் கொடுத்த நோயாளியின் பெயர் ஸ்மித், அதன் முதல் இரண்டு எழுத்துதான் எஸ்.எம். மேலே சொன்ன 1997 ஆய்வின் டானும் இவரேதான். லூபஸுக்கே உரிய ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தவரே முப்பது வருஷம் கழித்து, பாசிட்டிவ் என்றதும் நம்பிவிடாதீர்கள் என்றும் எண்ணிக் காட்டியிருக்கிறார். எஸ்.எம். இருந்தால் லூபஸ் என்பது ஏறக்குறைய உறுதி. சங்கடம் என்னவென்றால் நோயாளிகளில் பலருக்கு அது இருக்காது. இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

டி.எஸ்.டி.என்.ஏ. கொஞ்சம் வேறு மாதிரி. முறுக்கிய இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கே எதிரான ஆன்டிபாடி. இதுவும் லூபஸைத்தான் பெரும்பாலும் காட்டும். கூடவே இன்னொரு உபயோகம்: பல நோயாளிகளுக்கு நோய் கிளம்பும்போது ஏறும், அடங்கும்போது இறங்கும், அதிலும் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறவர்களிடம். இதை எலைசாவிலும் பார்க்கலாம், ஸ்லைடிலும் பார்க்கலாம். ஸ்லைடு முறை எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. கிரிதிடியா லூசிலியே என்று ஈயின் குடலில் வாழும் ஒரு ஒற்றைச் செல் உயிரி. அதற்கு உட்கரு தவிர இன்னொரு டி.என்.ஏ. பொட்டலமும் உண்டு, கைனட்டோபிளாஸ்ட் என்று பெயர். அதில் இருப்பது ஏறக்குறைய சுத்தமான இரட்டை இழை டி.என்.ஏ. மட்டும். நீளவாக்கில் வாலோடு கிடக்கும் அந்த உயிரியில் உட்கரு ஒளிர்ந்தால் கணக்கில்லை, வாலின் அடியில் இருக்கும் முடிச்சு ஒளிர்ந்தால் கணக்கில்லை, அந்தச் சின்னப் பொட்டலம் ஒளிர்ந்தால்தான் பாசிட்டிவ். 1975இல் நெதர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்த முறை. எலைசா நிறையப் பேரைப் பிடிக்கும், கூடவே சம்பந்தமில்லாதவர்களையும் பிடிக்கும். இந்த ஈக்குடல் ஜந்து குறைவாகப் பிடிக்கும், பிடித்தால் விடாது.

ஏ.என்.ஏ. ப்ரொஃபைல் அல்லது ப்ளாட் என்று சொல்வது ஒரு மெல்லிய பட்டை. அதில் எஸ்.எம்., ஆர்.என்.பி., ரோ, லா, ஹிஸ்டோன் என்று பதினைந்துக்கும் மேற்பட்ட பொருட்களைக் கோடு கோடாகப் பதித்திருப்பார்கள். எதற்கு ஆன்டிபாடி இருக்கிறதோ அந்தக் கோடு கருத்துத் தெரியும். விலை ஏ.என்.ஏ.வைப் போலப் பல மடங்கு. ஏ.என்.ஏ. நெகட்டிவ், நோய்ச் சந்தேகமும் இல்லை என்றால் இதற்குக் காசு கொட்ட வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் 2013லேயே சொல்லிவிட்டார்கள். இதில் ரோ என்பது கல்யாணமான பெண்களுக்கு முக்கியம். அந்த ஆன்டிபாடி தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நூறில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் குழந்தையின் இதயத் துடிப்புக் கடத்தலைக் கெடுத்துவிடும். அதனால் இது தெரிந்திருந்தால் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் குழந்தையின் இதயத்துக்குத் தனியாக எக்கோ பார்ப்பார்கள். தாய்க்கு லூபஸ் அறிகுறி எதுவுமே இல்லாமல்கூட இந்த ஆன்டிபாடி இருக்கலாம்.

ஆன்டிபாடி செய்யும் குழப்பங்களில் எனக்கு மறக்காதது வேறு ஒன்று. கர்ப்பிணி என்றால் நம் ஊரில் முதல் செக்கப்பிலேயே வி.டி.ஆர்.எல். எடுத்துவிடுவார்கள். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் பயன்படுத்தும் பொருளில் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு இருக்கிறது. லூபஸ்காரர்கள் சிலருக்கு இந்தக் கொழுப்புக்கு எதிராகவும் ஆன்டிபாடி உண்டு. ஆகவே சிஃபிலிஸ் இல்லாமலேயே வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் வரும். மருத்துவப் பாடத்தில் இது ஒரே வரி. எங்கள் கவுண்டருக்கு அது ஒரு மருமகளாகவும் மாமியாராகவும் வந்து நின்றது. மணப்பாறைப் பக்கம். முன்னே இரண்டு கர்ப்பம் கலைந்திருக்கிறது. வேறு எங்கோ எடுத்த வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ். அந்தத் தாளை யாரோ வீட்டில் படித்துச் சொல்லிவிட்டார்கள். மாமியார் பேசுகிறார், அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கணவன் வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்கிறான், உள்ளே வரவேயில்லை.

"மேடம், இது ஒழுக்கம் கெட்டவங்களுக்கு வர்ற நோய்ங்கிறாங்க. எம் மவனும் அப்பிடி இல்ல, இந்தப் புள்ளையும் அப்பிடி இல்ல. என்னா இது?"

டாக்டர் அடுத்து டி.பி.எச்.ஏ. எழுதியிருந்தார். அது கிருமியையே எதிர்க்கும் ஆன்டிபாடியைப் பார்ப்பது. நெகட்டிவ். ரிப்போர்ட் வாங்கும்போது அந்த மாமியார் சொன்னது: "இந்த ஒரு தாள மட்டும் ரெண்டு காப்பி போட்டுக் குடுங்க மேடம். ஒண்ணு நான் வச்சுக்கிறேன்." யாரிடம் காட்டப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அதே டாக்டரிடமிருந்து அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு நீளமான சீட்டு வந்தது. தட்டணு எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஏ.பி.டி.டி., கார்டியோலிப்பின் ஆன்டிபாடி, ஏ.என்.ஏ., டி.எஸ்.டி.என்.ஏ., சிறுநீர் புரதம். ஸ்லைடைப் பார்த்தது நான்தான். ஹோமோஜீனியஸ், பிரியும் செல்லின் பட்டை பளீரென்று, நீர்க்க வைத்துக்கொண்டே போனாலும் விடவில்லை. டி.எஸ்.டி.என்.ஏ.வும் இருந்தது. தட்டணு குறைவு. குழாயில் ரத்தம் உறைய நேரம் எடுக்கிறது. அந்தக் கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடியின் வேலை அது. உடம்புக்குள் அதே ஆன்டிபாடி எதிர்மாறாக ரத்தத்தைக் கட்டியாக்கும், நஞ்சுக்கொடியிலும்தான். கலைந்த இரண்டு கர்ப்பத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மாமியாரே பிறகு வந்து சொன்னார். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் தினம் ஒரு ஹெப்பாரின் ஊசியும் ஆரம்பித்திருந்தார்கள். ஊசியைப் போட்டுவிடுவது மாமியார். தமிழ்நாட்டில் எந்த மூலையிலும் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் வந்த பெண்ணிடம் அடுத்த பரிசோதனை வரும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சட்டமே போடலாம் என்பது என் கட்சி.

தொந்தரவே இல்லை, ஆனால் பாசிட்டிவ். பின்னால் வருமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்க ராணுவத்தில் சிப்பாய்களின் சீரத்தைச் சேமித்து வைப்பார்கள். பின்னால் லூபஸ் வந்த 130 பேரின் பழைய சீரத்தைத் தேடி எடுத்து ஆய்வு செய்து 2003இல் வெளியிட்டார்கள். 115 பேரிடம், அதாவது 88 சதவீதம் பேரிடம், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே ஏதாவது ஒரு ஆன்டிபாடி இருந்திருக்கிறது. சராசரியாக 3 வருஷத்துக்கு மேல், சிலரிடம் 9 வருஷத்துக்கும் மேல். இதை வலைத்தளங்களில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் வந்தவர்களிடமிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்த்த ஆய்வு இது. பாசிட்டிவ் வந்தவர்களிடமிருந்து முன்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை. அந்த 13,000 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஏ.என்.ஏ. என்றால் அறிகுறி வந்தால் டாக்டரிடம் போகத் தெரிந்திருந்தால் போதும். டி.எஸ்.டி.என்.ஏ., எஸ்.எம். போன்றவை இருந்தால் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒரு ருமட்டாலஜிஸ்ட், அதாவது வாதநோய் மருத்துவர், கண்ணில் இருப்பது நல்லது.

எதிர்ப்பக்கமும் உண்டு. லூபஸ் நோயாளிகளில் நூறில் 98 பேருக்கு 1:80இல் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருக்கும். அதனால் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் லூபஸ் இல்லை என்று சொல்லிவிடலாம். முன்பு எலியின் கல்லீரல் திசுவை ஸ்லைடில் வைத்துப் பார்த்த காலத்தில் ரோ ஆன்டிபாடிக்காரர்கள் நிறையத் தப்பிப்போவார்கள். ஹெப்-2 வந்தபின் அது குறைந்துவிட்டது.

கடைசியாக ஒரு ஆதங்கம். விலை கூடிய ப்ளாட்டுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், அதே சீட்டில் எழுதியிருக்கும் யூரின் பரிசோதனையை "அது வேண்டாம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது ஆரம்பத்தில் வலிக்காது, எதுவும் தெரியாது. சிறுநீரில் புரதமும் சிவப்பணுவும் மட்டும் தெரியும். காலையில் முதலில் போகும் சிறுநீரை அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்துக்கொண்டு வந்தால் புரத, கிரியாட்டினின் விகிதம் பார்த்துவிடலாம். எல்லாப் பரிசோதனையிலும் மலிவானவற்றில் இது ஒன்று. எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

நோய் உறுதியான பிறகு ஏ.என்.ஏ.வை மறுபடி மறுபடி எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. அது நோயோடு ஏறி இறங்குவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாமாகவே வந்து ஏ.என்.ஏ. எடுத்து, 640இலிருந்து 320 ஆகிவிட்டது என்று சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. சாக்லேட்டை வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது. மறுபடி பார்க்க வேண்டியவை டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4, ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீர். இவற்றை முடிந்தவரை ஒரே லேப்பில், ஒரே முறையில் எடுங்கள். ஒரு லேப்பில் டி.எஸ்.டி.என்.ஏ.வுக்கு 30க்கு மேல் பாசிட்டிவ் என்றிருக்கும், இன்னொரு லேப்பில் 100க்கு மேல் என்றிருக்கும். இங்கே எடுத்ததையும் அங்கே எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறியதா இறங்கியதா என்று டாக்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பழைய தாள்களைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டு எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எப்போது அளவு குறைத்தது என்று அதன் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவைத்தால் இன்னும் நல்லது.